கைக்கடிகாரத்தில் பொன் எவ்வளவு, வேலை எவ்வளவு?

வாசகர் கேள்விகள், பதில்கள்

பெங்களூர் வாசகர்களிடமிருந்து தங்கக் கைக்கடிகாரம் பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். என் அப்பா பொற்கொல்லர்கள் நிறைந்த நகரத்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பத்தர். நான் சிவாஜிநகரில் கடிகாரம் பழுது பார்த்தவன். இந்த இரண்டு தொழிலின் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கமானவை.

கேள்வி: எங்கள் 25-ஆம் திருமண நாளுக்கு என் கணவர் 18 காரட் தங்கத்தில் தோல் பட்டை போட்ட ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். அல்சூரில் நாங்கள் வழக்கமாக நகை எடுக்கும் கடைக்காரரிடம் காட்டியபோது, கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதில் மூன்று சவரன் தங்கம்கூடத் தேறாது, மீதிப் பணத்தை எதற்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். அன்றிலிருந்து என் கணவருக்குத் தூக்கமில்லை. நாங்கள் ஏமாந்துவிட்டோமா?

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, அம்மா. நகைக்கடைக்காரர் சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் அவர் நகைக்கான தராசில் கடிகாரத்தை நிறுத்துவிட்டார். நகையில் தங்கத்தின் விலைதான் அடிமனை. செய்கூலியும் சேதாரமும் அதன் மேல் சதவீதக் கணக்கில் ஏறும். உயர்ந்த வகைக் கைக்கடிகாரத்தில் செய்கூலிதான் அடிமனை. தங்கம் அதன் மேல் ஏறுகிறது. இதற்குச் சாட்சி வேண்டுமானால், 1972-இல் ஜெரால்ட் ஜென்டா வடிவமைத்து ஓடமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக் கடிகாரத்தைச் சொல்லலாம். அதன் கூடும் செயினும் எஃகு. ஆனாலும் அன்றைய தங்கக் கடிகாரங்கள் பலவற்றைவிட அதிக விலைக்கு விற்றது. கூட்டின் வேலைப்பாட்டுக்காகவும் உள்ளே இருந்த மெல்லிய மெஷினுக்காகவும்தான் அந்த விலை.

உங்கள் கடிகாரத்தில் அந்த வேலை எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸை வாங்கிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் சன்னலருகே உட்காருங்கள். பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். நல்ல கடிகாரமாக இருந்தால், கொம்பின் மேல்முகம் கண்ணாடிபோல் மெருகேறியும், பக்கமுகம் ஒரே திசையில் இழுத்த மயிரிழைக் கோடுகளோடு மங்கலாகவும் இருக்கும். இரண்டு முகங்களும் சந்திக்கும் விளிம்பு, கத்தியால் கீறியதுபோல் நேராக, ஓரிடத்திலும் வழுக்காமல், கொம்பின் நுனிவரை ஓடும். அந்த ஒரு கோட்டுக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் மிகையாகாது. தங்கம் மென்மையானது; மெருகுச் சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் முதலில் கரைவது விளிம்புதான். முகங்கள் இரண்டையும் வேறு வேறு மெருகுக்குக் கொண்டுவந்து, நடுவிலுள்ள விளிம்பை மட்டும் கரையாமல் காப்பதற்குக் கை பழக வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் பழகி வருவது.

அந்தக் கூடு உருவாகும் விதத்தைக் கேட்டால் நகரத்பேட்டைக்காரர்களுக்கு வியப்பே இருக்காது. தங்கத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும்போது அது இறுகிப்போகும். மேலும் அழுத்தினால் வெடிக்கும். ஆகவே உலையில் காய்ச்சி இளக வைத்து மறுபடி அச்சில் வைப்பார்கள். வடிவம் வரும்வரை இது மாறி மாறி நடக்கும். “தட்டினால் இறுகும், காய்ச்சினால் இளகும்” என்று என் அப்பா சுத்தியலோடும் ஊதுகுழலோடும் செய்ததும் இதையேதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது: கடிகாரக் கூட்டைக் கடைசலில் ஏற்றி, கண்ணாடியும் பின்மூடியும் சாவிக்குழாயும் தூசி புகாமல் பொருந்தும்படி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாகக் கடைய வேண்டும். கழுத்துச் சங்கிலிக்கு அந்தத் துல்லியம் தேவையே இல்லை.

அடுத்து டயலைப் பாருங்கள். மணியைக் குறிக்கும் சிறு தங்கக் கட்டிகள் ஒட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அடியில் சிறு கால்கள் உண்டு, அவை டயலிலுள்ள துளைகளின் வழியே இறங்கிப் பின்புறம் பிணைக்கப்பட்டிருக்கும். நிமிட முள்ளின் நுனி, நிமிடக் கோடுகளின் மேல் சரியாகப் போய் நிற்கிறதா, அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். டயல் லேசாகக் குவிந்திருந்தால், சில நல்ல கடிகாரங்களில் அந்த நுனியையும் கையாலேயே சற்றுக் கீழ்நோக்கி வளைத்திருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். டயலில் கோலம்போல் நெருங்கிய அலைக்கோடுகள் இருந்தால் அதற்குக் கியோஷே என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் ஆபிரகாம்-லூயி பிரெகே கடிகார டயல்களில் கொண்டுவந்த வேலை அது. கையால் சுழற்றும் பழைய எந்திரத்தில் ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் வெட்டுளியை அழுத்திக் கோடு கோடாக வெட்டுவார்கள். அழுத்தம் ஒரு கோட்டில் மாறினாலும் டயல் போய்விடும். அச்சில் ஒரே அடியில் பதித்த மலிவான வடிவமும் உண்டு. வெட்டிய கோட்டின் அடி ஒளியில் பளிச்சிடும். பதித்த கோட்டின் ஓரங்கள் உருண்டு மழுங்கித் தெரியும்.

பின்மூடி கண்ணாடியாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், மெஷினையே பார்க்கலாம். தட்டுகளின் மேல் வரி வரியாக ஓடும் ஜெனீவாப் பட்டைகளைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றை எந்திரமும் போடும். தட்டுகளின் ஓரம் 45 பாகைச் சாய்வில் சீவப்பட்டு மெருகேறியிருக்கும். அந்தச் சாய்வு உட்பக்கமாக ஒரு மூலையில் மடங்கும் இடத்தைத் தேடுங்கள். சுழலும் வெட்டுக்கருவி வட்டமானது. அது போகும் மூலை வளைந்துதான் முடியும். மூலை ஊசிமுனைபோல் கூர்மையாக முடிந்திருந்தால், ஒருவர் அரத்தாலும் மரக்குச்சியாலும் அதைக் கையால் முடித்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட ஒரு மூலையைக் கண்டுவிட்டால் உங்கள் கணவரை அழைத்துக் காட்டுங்கள்; அன்றிரவு தூங்கிவிடுவார். உள்ளே சிவப்பாகத் தெரியும் கற்களை மட்டும் மாணிக்கமென்று நகைக்கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அவை ஆலையில் உருவாக்கிய செயற்கைக் கற்கள். சக்கரங்களின் அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைக்கப்படுபவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெனீவா நகரம் கடிகாரத்துக்குப் பேர் பெற்றதே பொற்கொல்லர்களால்தான் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி கால்வினின் கட்டுப்பாடுகள் ஆடம்பர நகைகளுக்குத் தடை போட்டபோது, அங்கிருந்த பொற்கொல்லர் பலர் கடிகார வேலைக்குத் திரும்பினார்கள். 1601-இல் அங்கே கடிகாரக்காரர்களுக்கென்று தனிச் சங்கமே ஏற்பட்டது. ஆக, உங்கள் நகைக்கடைக்காரரும் உங்கள் கடிகாரத்தைச் செய்தவரும் தூரத்துப் பங்காளிகள்.

கேள்வி: மல்லேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன். 916 முத்திரை இருந்தால்தான் நல்ல தங்கம் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். லட்சக்கணக்கில் விலை சொல்லும் கடிகாரங்களை ஏன் 18 காரட்டில் செய்கிறார்கள்? எங்கள் கடிகாரத்தில் நம் ஊர் ஹால்மார்க் எண்ணும் இல்லையே?

பதில்: மட்டமாகச் செய்வதற்காகத் தங்கத்தின் மாற்றைக் குறைக்கவில்லை. 916, அதாவது 22 காரட் தங்கத்தில் திருகுமரை எடுத்தால் நாலு முறை திறந்து மூடுவதற்குள் மழுங்கிவிடும். பட்டையைத் தாங்கும் ஊசித்துளைகள் நாளடைவில் அகன்றுபோகும். 18 காரட் என்பது ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். மீதியுள்ள 250 பங்கில் வெள்ளியும் செம்பும் சேர்ந்து உலோகத்தை இறுக்குகின்றன. அந்த மீதிதான் நிறத்தையும் தீர்மானிக்கிறது: இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் மஞ்சள், செம்பு ஓங்கினால் ரோஜா நிறம், பல்லேடியம் போன்ற வெள்ளை உலோகம் சேர்ந்தால் வெள்ளைத் தங்கம். செம்பு மிகுந்த ரோஜாத் தங்கம் காலப்போக்கில் நிறம் மாறக்கூடும் என்பதால், ரோலெக்ஸ் 2005-இல் கொண்டுவந்த எவரோஸ் என்னும் தன் கலவையில் கொஞ்சம் பிளாட்டினத்தையும் சேர்த்தது. பழைய ஆங்கிலேயக் கடிகாரங்களில் 9 காரட்டும் அமெரிக்கக் கடிகாரங்களில் 14 காரட்டும் சாதாரணம். தாத்தா பெட்டியிலிருந்து எடுப்பவர்கள் அதைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம்.

ஹால்மார்க் விஷயத்தில் பயம் வேண்டாம். 2021-இல் நம் நாட்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமானபோது கைக்கடிகாரங்களுக்கும் பேனாக்களுக்கும் விலக்கு அளித்தார்கள். சுவிஸ் கடிகாரமாக இருந்தால் பின்மூடியிலோ கொம்பின் அடியிலோ 750 என்ற எண்ணையும், 1995-க்குப் பிந்தியதாக இருந்தால் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலையுருவத்தையும் தேடுங்கள். அதற்கு முந்திய 18 காரட் கூடுகளில் சுவிஸ் நாட்டின் உருவகமான ஹெல்வீஷியா என்னும் பெண்ணின் தலை இருக்கும். எந்தக் காரணம் கொண்டும் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குக் கல்யாணத்தில் மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. காஞ்சன் கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. கொம்புகளின் மூலையில் தங்கம் போய் வெளிறித் தெரிகிறது. இது தங்கக் கடிகாரம்தானா? மறுபடி முலாம் போட்டு, டயலையும் புதிதாக்கலாமா? (ஸ்ரீராமபுரம் வாசகர்)

பதில்: காஞ்சன் முலாம் பூசிய கடிகாரம். முலாமின் கனத்தை மைக்ரான் என்னும் அளவில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நல்ல பழைய சுவிஸ் முலாம்கூடப் பத்து, இருபது மைக்ரான்தான். நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். சட்டைக் கையின் ஓரம் தினமும் உரசும் இடத்தில் அது முதலில் போகும். உங்கள் அப்பா அதை எந்தக் கையில், எத்தனை ஆண்டு கட்டினார் என்பதை அந்த மூலைகளே சொல்லும்.

ஆனாலும் அதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு இதே பெங்களூரில் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியபோது, இந்த நாட்டில் நல்ல கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் கப்பலில் வந்த சரக்குதான். எச்.எம்.டி.யின் ஜனதா என்ற மாடலைச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கிழமையும் தேதியும் காட்டும், கையசைவில் தானே சாவி ஏறும் காஞ்சனை மாப்பிள்ளைக்குப் போட்டார்கள். அதற்காகச் சொல்லிவைத்துக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். 2016-இல் எச்.எம்.டி. வாட்ச்சை மூட அரசு முடிவெடுத்தது. ஜாலஹள்ளியில் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

முலாம் போடுவதற்கு முன் கூட்டைத் தேய்த்து மெருகேற்றியாக வேண்டும். அப்போது மூலைகள் உருண்டுவிடும், புது முலாம் அந்த உருண்டையின் மேல்தான் ஏறும். டயலைப் புதிதாக்குவது இன்னும் மோசம்: மறு அச்சு அடித்த டயலில் எழுத்துகள் தடித்து, நிமிடக் கோடுகள் முள்ளோடு பொருந்தாமல் நிற்பதை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். புதுக் கண்ணாடி மாட்டுங்கள். மூலைகளை அப்படியே விடுங்கள்.

கேள்வி: தங்கக் கூட்டுக்குள் பேட்டரி மெஷினை வைத்து விற்பது மோசடி என்று அலுவலக நண்பர் சொல்கிறார். உண்மையா? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பதில்: உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே தங்கக் கூட்டில்தான் வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான் அது. 18 காரட் தங்கம், விலை 4,50,000 யென். ஓசூரில் தொழிற்சாலை கொண்ட நம் டைட்டனும் நெபுலா என்ற பெயரில் 18 காரட் கடிகாரங்களைச் செய்கிறது. அவற்றில் குவார்ட்ஸும் உண்டு. நேரம் காட்டுவதில் குவார்ட்ஸை வெல்ல முடியாது: சுவிஸ் தரச்சான்று பெற்ற எந்திரக் கடிகாரமே நாளொன்றுக்கு 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம். எனக்குள்ள ஒரே தயக்கம், மின்சுற்று பழுதானால் முப்பது ஆண்டு கழித்து மாற்றுச் சுற்று கிடைக்குமா என்பதுதான். எந்திரக் கடிகாரத்தின் சக்கரம் உடைந்தால், திறமையுள்ளவர் புதிதாகக் கடைந்தே போட்டுவிடுவார்.

கேள்வி: கல்யாண வீடுகளில் இப்போது கையை மறைக்கும் அளவுக்குப் பெரிய தங்கக் கடிகாரங்களைப் பார்க்கிறேன். என் தாத்தாவின் தங்கக் கடிகாரமோ எட்டணாக் காசளவுதான் இருக்கிறது. வடிவமைப்பில் எது உயர்ந்தது? (ஜெயநகர் வாசகி)

பதில்: என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாத்தா கட்சி. சுவிஸ் நிறுவனமான பாட்டெக் பிலிப் 1932-இல் வெளியிட்ட கலட்ராவா கடிகாரத்தின் விட்டம் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர்தான். கண்ணாடியைச் சுற்றித் தட்டையான வளையம், கூட்டோடு ஒன்றி வழியும் கொம்புகள், தேவையற்ற ஒரு கோடுகூடக் கிடையாது. அதன் சாயல் இல்லாத, விருந்துக்குக் கட்டிப் போகும் கடிகாரம் இன்றும் அபூர்வம். 1957-இல் பியாஜே வெறும் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெஷினைச் செய்த பிறகு, தங்கக் கடிகாரம் சட்டைக் கைக்குள் காணாமல் போவதே நாகரிகம் என்றானது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது ரோலெக்ஸின் டே-டேட். 1956-இல் வந்தது, கிழமையின் பெயரை முழுதாக டயலில் காட்டிய முதல் கைக்கடிகாரம், தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படுவது. கண்ணாடியைச் சுற்றி ஓடும் அதன் வரிவளையத்தை வெறும் அலங்காரமென்று நினைக்கிறோம். தொடக்க கால நீர்புகாக் கூடுகளில் வளையத்தைக் கருவியால் பற்றி இறுகத் திருகுவதற்காக வெட்டிய பற்களின் வழிவந்தது அது. தங்கத்துக்கு அந்த வரிகள் நன்றாகவே பொருந்தின. ஏனென்றால் மெருகேறிய அகலமான தங்கப் பரப்பு வெறுமனே பளபளக்கும், பித்தளைத் தாம்பாளம்போல்; ஒளியை உடைத்து நிழலும் வெளிச்சமுமாக மாற்றும் கோடு இருந்தால்தான் அது பொன்னாகத் தெரியும். அந்த வகையில் டே-டேட் என் மதிப்பில் தேறிவிடுகிறது. கல்யாண வீட்டில் நீங்கள் பார்த்தவற்றில் பாதி தேறாது. எடையும் ஒரு காரணம்: 18 காரட் தங்கம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கனம். பெரிய கூடும் தங்கச் செயினுமாகச் சேர்ந்தால் 200 கிராமைத் தொட்டுவிடும். பந்தி பரிமாறுகிறவர் கையில் அது மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: தங்கக் கடிகாரத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. நகைக்கடையில் இலவசமாகவே மெருகு போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (காக்ஸ் டவுன் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். இந்தப் பதிலுக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த 18 காரட் கடிகாரம் ஒன்று என் கைக்கு வந்தது. நான் தொழில் பழகிக்கொண்டிருந்த காலம். மெஷினைத் தொடத் தெரியும், கூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வளையலுக்கு மெருகு போடும் ஒரு கடையில் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. கல்யாணத்தில் எல்லோரும் புதிதா என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து லென்ஸில் பார்த்தபோதுதான் புரிந்தது. கொம்பின் மேல்முகத்துக்கும் பக்கமுகத்துக்கும் நடுவில் இருந்த கோட்டைக் காணவில்லை. நான்கு கொம்புகளும் நக்கித் தின்ற மிட்டாய்போல் உருண்டிருந்தன. ஊசித்துளையின் வெளிச்சுவர் காகிதம்போல் மெலிந்து, ஆறு மாதத்தில் ஒரு பக்கம் பிய்ந்தது. நல்லவேளையாக, கடிகாரம் விழுந்தது படுக்கையின் மேல்.

நகரத்பேட்டைச் சந்துகளில் பட்டறைக் குப்பையைக் கூட்டி அள்ளி, அரித்துப் பொன் எடுப்பவர்கள் உண்டு. மெருகுச் சக்கரம் தொடும் ஒவ்வொரு முறையும் உங்கள் கடிகாரத்திலிருந்து அந்தக் குப்பைக்குத்தான் தங்கம் போகிறது. நகையில் இதற்குச் சேதாரம் என்று உங்களிடமே வசூலிப்பார்கள். கடிகாரத்தில் இலவசம் என்கிறார்கள், அவ்வளவுதான். கீறல்கள் மெல்லியவை என்றால் ஈரமில்லாத பருத்தித் துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருங்கள். நாளாக ஆகக் கீறலோடு கீறல் சேர்ந்து தங்கத்துக்கு ஒரு மந்தமான மெருகு வரும், அது அழகாகவே இருக்கும். ஆழமான வெட்டு என்றால் கடிகாரம் செய்த நிறுவனத்தின் பணிமனைக்கு அனுப்புங்கள், அதுவும் வாழ்நாளில் ஓரிரு முறைக்கு மேல் வேண்டாம். வளையலையும் கடிகாரத்தையும் ஒரே கையில் போடாதீர்கள்.

சித்தப்பாவின் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. கொம்பின் அடியில் 750 என்று இருந்த இடத்தில் இப்போது லென்ஸ் வைத்துப் பார்த்தால் 7 மட்டும் தெரிகிறது.